நாளைக் காலை பனிமூட்டம் வருமா?



டிசம்பர், ஜனவரி மாதங்களில் தொலைக்காட்சியில் ஒரு செய்தி தவறாமல் வரும். "டெல்லியில் கடும் பனிமூட்டம். விமானங்கள் தாமதம். ரயில்கள் பல மணி நேரம் தாமதம்." அதற்கு முந்தைய நாள் மாலையிலேயே இந்திய வானிலை ஆய்வுத் துறை எச்சரித்திருக்கும்: "நாளை அதிகாலை அடர்ந்த பனிமூட்டம் இருக்கும்." அந்த மாலையில் வானத்தை அண்ணாந்து பார்த்தால் மேகத்தின் சுவடுகூட இருக்காது. பளிச்சென்று நட்சத்திரங்கள் தெரியும். அப்புறம் எப்படி அவர்கள் சொன்னார்கள்?

புயல் என்றால் புரிகிறது. அது கடலில் எங்கோ கிளம்புகிறது, நம்மை நோக்கி நகர்கிறது, செயற்கைக்கோள் படத்தில் அதன் வழி தெரிகிறது. ஆனால் டெல்லியில் இறங்கும் பனிமூட்டம் வேறு ஊரிலிருந்து கிளம்பி வருவதில்லை. அங்குள்ள மக்கள் மூச்சுவிடும் காற்றுக்குள்ளேயே, இருட்டில், சத்தம் போடாமல் உருவாகிவிடுகிறது. வந்து சேரும் வழியே இல்லாத ஒன்றை எப்படி முன்கூட்டியே பிடிப்பது?

பிடிக்கலாம். மாலையிலேயே சில கேள்விகளைக் கேட்டுப் பதில் வாங்கிவிட்டால் பாதிக் கணிப்பு முடிந்துவிடும். அந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். கடைசியில் நீங்களும் உங்கள் ஊருக்குக் கணிப்பு சொல்லப் போகிறீர்கள்.

நான்கு டீஸ்பூன் தண்ணீர்

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம். பனிமூட்டம் புகை அல்ல, நீராவியும் அல்ல. நீராவி கண்ணுக்குத் தெரியாது. பனிமூட்டம் என்பது காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகளின் கூட்டம். ஒரு மில்லிமீட்டரை நூறு பாகமாக வெட்டினால், அதில் ஒரு பாகம் அல்லது இரண்டு பாகம்தான் ஒரு துளியின் குறுக்களவு. அதனால்தான் அது சட்டென்று கீழே விழாமல் மிதக்கிறது.

எல்லாத் துளிகளையும் சேர்த்துப் பிழிந்தால் எவ்வளவு தண்ணீர் கிடைக்கும் என்று நினைக்கிறீர்கள்? 100 கனமீட்டர் கொள்ளளவு உள்ள ஒரு வகுப்பறை முழுக்கப் பனிமூட்டத்தை அடைத்தாலும் சுமார் 20 கிராம் தண்ணீர்தான் தேறும். நான்கு டீஸ்பூன்! இந்த நான்கு டீஸ்பூன் தண்ணீர் கோடிக்கணக்கான துளிகளாகச் சிதறி நிற்பதால், ஒளி அவற்றில் பட்டுத் திசைக்கொன்றாகத் தெறிக்கிறது. எதிரே வரும் லாரி நம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

எவ்வளவு தூரம் தெரிகிறது என்பதை வைத்துத்தான் வானிலையாளர்கள் இதை அளக்கிறார்கள். ஈரத்தால் பார்வை மங்கி, ஆனாலும் 1,000 மீட்டருக்கு அப்பால் இருப்பது தெரிகிறது என்றால் அது லேசான மூட்டம். பார்வை 1,000 மீட்டருக்குக் கீழே இறங்கினால்தான் பனிமூட்டம் என்ற பட்டம். 200 மீட்டருக்குக் கீழே போனால் அடர்ந்த பனிமூட்டம். 50 மீட்டருக்கும் கீழே என்றால் மிக அடர்ந்த பனிமூட்டம். அந்த நிலையில் சாலையில் இரண்டாவது மின்கம்பம் தெரியாது.

முதல் கேள்வி: காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது?

ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம் உள்ள ஒரு பெட்டியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதற்குள் 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் காற்று இருந்தால், அதிகபட்சம் ஏறத்தாழ 30 கிராம் நீராவி இருக்க முடியும். 20 டிகிரிக்குக் குளிர்ந்தால் சுமார் 17 கிராம்தான். 10 டிகிரி என்றால் 9 கிராம் சொச்சம். குளிரக் குளிர நீராவிக்கு இடம் குறைந்துகொண்டே போகிறது.

இப்போது அந்தப் பெட்டியில் 30 டிகிரியில் 17 கிராம் நீராவி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். காற்று வசதியாக இருக்கிறது. மெல்லக் குளிர்விக்கிறோம். 28, 25, 22... ஒன்றும் நடக்கவில்லை. 20 டிகிரியைத் தொட்டதும் இடம் நிரம்பிவிட்டது. அதற்கும் கீழே போனால் மிச்சம் உள்ள நீராவி நீராகியே தீர வேண்டும். இந்த எல்லை வெப்பநிலைக்குத்தான் 'பனிநிலை' என்று பெயர். நம் பெட்டிக் காற்றின் பனிநிலை 20 டிகிரி.

பனிநிலையை வீட்டிலேயே அளக்கலாம். பிரான்ஸ் நாட்டு மருத்துவர் சார்லஸ் லெ ராய் 1751-இல் செய்த சோதனையைத்தான் நாமும் செய்யப் போகிறோம். பளபளப்பான எவர்சில்வர் டம்ளரில் பாதி அளவு தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வெப்பமானியை வையுங்கள். சிறு சிறு பனிக்கட்டித் துண்டாகப் போட்டு மெதுவாகக் கலக்குங்கள். டம்ளரின் வெளிப்புறத்தைக் கவனித்துக்கொண்டே இருங்கள். உங்கள் மூச்சு அதன்மேல் படக் கூடாது. ஒரு கட்டத்தில் பளபளப்பு மங்கி, விரலால் கோடு போட்டால் தெரியும் அளவுக்கு ஈரம் படியும். அந்த நொடியில் வெப்பமானி காட்டும் எண்தான் உங்கள் வீட்டுக் காற்றின் பனிநிலை.

ஒரு எச்சரிக்கை: காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது. அது 35 டிகிரிக்குக் கீழே காட்டாது. பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் வெப்பமானியை ஆசிரியரிடம் கேட்டு வாங்கிப் பயன்படுத்துங்கள்.

இரண்டாம் கேள்வி: இரவு எவ்வளவு குளிரும்?

மாலை ஆறு மணிக்கு வெப்பநிலை 24 டிகிரி, பனிநிலை 19 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 5 டிகிரி. இன்று இரவு காற்று 5 டிகிரிக்கு மேல் குளிருமா? குளிர்ந்தால் பனிமூட்டத்துக்கு வாய்ப்பு உண்டு. குளிராவிட்டால் இல்லை. இந்த இடைவெளிதான் கணிப்பாளரின் கண் முதலில் போகும் இடம்.

குளிர்வது எப்படி? பகலில் சூரியனிடம் வெப்பத்தை வாங்கிய தரை, இரவில் அதைக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாக வானத்துக்கு வீசி எறிகிறது. தரை முதலில் குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்று அதனால் குளிர்கிறது. மேலே உள்ள காற்று வெதுவெதுப்பாகவே இருக்கும். வழக்கமாக மேலே போகப் போகக் குளிரும் அல்லவா? பனி இரவில் அது தலைகீழாகிவிடுகிறது. கீழே குளிர், மேலே வெப்பம். குளிர்ந்த காற்று கனமானது. ஆகவே அது மேலே எழாமல் தரையிலேயே படுத்துக் கிடக்கிறது.

தரை இப்படி வானத்துக்கு வெப்பத்தை இழந்து குளிர்வதைத் துல்லியமாகக் காட்டியவர் லண்டனில் வாழ்ந்த மருத்துவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ். அவர் காலத்தில் புல்லில் படியும் பனி மழைபோல மேலிருந்து விழுகிறது என்று சிலர் நம்பினார்கள், தரையிலிருந்து கிளம்புகிறது என்று வேறு சிலர் நம்பினார்கள். வெல்ஸ் சம எடையுள்ள கம்பளிப் பஞ்சுகளை இரவில் தோட்டத்தில் வைத்தார். சிலவற்றைத் திறந்த வெளியில், சிலவற்றைப் பலகைக்கு அடியில். காலையில் எடுத்து நிறுத்துப் பார்த்தார். திறந்த வானத்தைப் பார்த்துக் கிடந்த பஞ்சில்தான் அதிக ஈரம் ஏறியிருந்தது. வெப்பத்தை வானத்துக்கு இழந்து எந்தப் பொருள் அதிகம் குளிர்கிறதோ அதன்மேல் அதிகப் பனி படிகிறது என்று 1814-இல் எழுதிய நூலில் விளக்கினார்.

ஆக, வானம் முக்கியம். மேகம் இருந்தால், தரை வீசும் வெப்பத்தை அது வாங்கி, ஒரு பகுதியைத் திருப்பிக் கீழே அனுப்பிவிடும். தரை அதிகம் குளிராது. தெளிந்த வானம் என்றால் வெப்பம் தடையின்றித் தப்பிவிடும். பளிச்சென்ற நட்சத்திர இரவுதான் பனிமூட்டத்துக்கு உகந்த இரவு. தொடக்கத்தில் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் இதோ கிடைத்துவிட்டது!

இரவின் நீளமும் முக்கியம். டிசம்பர் கடைசியில் சென்னையில் இரவு சுமார் பன்னிரண்டரை மணி நேரம். டெல்லியிலோ பதின்மூன்றரை மணிக்கும் மேல். குளிர்வதற்கு டெல்லிக்கு ஒரு மணி நேரம் கூடுதல்.

மூன்றாம் கேள்வி: காற்று வீசுகிறதா?

இது கொஞ்சம் வேடிக்கையான கேள்வி. பலமாகக் காற்று வீசினால் பனிமூட்டம் வராது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். மேலே உள்ள வெப்பமான, உலர்ந்த காற்றை அது கீழே இழுத்துக் கலந்துவிடும். அப்படியானால் காற்றே இல்லாத இரவுதான் சிறந்தது என்று தோன்றுகிறதா? அதுவும் சரியில்லை!

காற்று சுத்தமாக அசையாமல் நின்றால், தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய அடுக்கு மட்டும்தான் குளிரும். அதிலுள்ள நீராவி புல்லிலும் இலையிலும் பனித்துளியாகப் படிந்து தீர்ந்துபோகும். கணுக்கால் உயரத்துக்கு ஒரு வெண்படலம் தெரியலாம், அவ்வளவுதான். இலை லேசாக அசையும் அளவுக்கு, நொடிக்கு ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் வேகத்தில் காற்று நகர்ந்தால், தரையின் குளிர் மெல்ல மெல்ல மேல் அடுக்குகளுக்கும் பரவும். பத்து மீட்டர், ஐம்பது மீட்டர், நூறு மீட்டர் என்று பனிமூட்டம் தடித்துக்கொண்டே போகும். கூடவும் கூடாது, அடியோடு இல்லாமலும் கூடாது.

புல்லில் பனித்துளி படிவதால் இன்னொரு விளைவும் உண்டு. காற்றிலிருந்த நீராவியில் கொஞ்சம் அங்கே போய்விடுவதால், மாலையில் அளந்த பனிநிலையைவிட ஓரிரு டிகிரி கூடுதலாகக் குளிர்ந்தால்தான் பனிமூட்டம் எழும். அனுபவமுள்ள கணிப்பாளர்கள் இந்தக் கழிவையும் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். தரை ஈரமாக இருந்தால் கழிவு குறையும். முதல் நாள் மழை பெய்த மண், தண்ணீர் பாய்ச்சிய வயல், நிரம்பிய ஏரி இவையெல்லாம் இழந்த நீராவியை ஈடுகட்டும்.

நான்காம் கேள்வி: தூசி இருக்கிறதா?

நீராவி தானாகத் துளியாகிவிடாது. படிவதற்கு ஒரு பிடிமானம் வேண்டும். டம்ளரின் மேற்பரப்பு ஒரு பிடிமானம். நடுக்காற்றில்? தூசி, புகைத்துகள், கடல் உப்புத் துகள் ஆகியவைதான்.

ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் ஜான் எய்ட்கன் 1880-இல் இரண்டு கண்ணாடிக் கலன்களை எடுத்துக்கொண்டார். ஒன்றில் சாதாரணக் காற்று. மற்றொன்றில் பஞ்சு வழியாக வடிகட்டித் தூசி நீக்கிய காற்று. இரண்டிலும் நீராவியைச் செலுத்தினார். சாதாரணக் காற்றில் வெண்மையாக மூட்டம் எழுந்தது. வடிகட்டிய காற்றில் எதுவுமே தெரியவில்லை. தூசி இல்லையேல் பனிமூட்டம் இல்லை என்பது அன்றைக்குத் தெளிவாயிற்று.

தூசியும் புகையும் அதிகமாக இருந்தால் என்ன ஆகும்? அதே அளவு நீர் இன்னும் அதிகமான, இன்னும் சிறிய துளிகளாகப் பங்கிடப்படும். பார்வை மேலும் மங்கும். சிறிய துளி எளிதில் விழாது என்பதால் மூட்டம் விலகவும் நேரமாகும். போகிப் பண்டிகை அதிகாலையில் பழைய பாயும் டயரும் எரிக்கும் புகை மார்கழிப் பனியோடு சேர்ந்துகொள்வதால் சென்னையில் விமானங்கள் தாமதமான ஆண்டுகள் உண்டு. 2018-ஆம் ஆண்டுப் போகியன்று சென்னை விமான நிலையமே திணறிப்போயிற்று. டயர் எரிக்க வேண்டாம் என்று ஒவ்வோர் ஆண்டும் கேட்டுக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

டெல்லியில் எல்லாம் ஒன்றுகூடுகிறது

இப்போது டெல்லிக்குப் போவோம். குளிர்காலத்தில் மத்தியதரைக் கடல் பக்கமிருந்து காற்றுச் சுழற்சிகள் வட இந்தியா வரை வந்து லேசான மழையைக் கொடுத்துவிட்டுப் போகின்றன. இவற்றை 'மேற்கத்திய இடையூறு' என்பார்கள். மழை மண்ணை நனைக்கிறது. சுழற்சி கடந்துபோனதும் வானம் தெளிகிறது, காற்று தணிகிறது. பஞ்சாப், ஹரியானா வயல்களில் கோதுமைக்குத் தண்ணீர் பாய்ச்சியிருக்கிறார்கள். இரவு நீளமானது. நகரத்திலோ புகைக்கும் தூசிக்கும் குறைவில்லை. நான்கு கேள்விகளுக்கும் பனிமூட்டத்துக்குச் சாதகமான பதிலே வருகிறது. பாகிஸ்தானிலிருந்து வங்கதேசம் வரை சமவெளி முழுவதும் வெள்ளைப் படலம் விரிந்து கிடப்பதைச் சில நாட்களில் செயற்கைக்கோள் படத்திலேயே பார்க்கலாம்.

இதை ஆராய, 2015 குளிர்காலத்தில் டெல்லி இந்திரா காந்தி விமான நிலையத்தில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. 'குளிர்காலப் பனிமூட்ட ஆய்வு' என்று பொருள்படும் அதன் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி 'வைஃபெக்ஸ்' என்கிறார்கள். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் இதை முன்னின்று நடத்தியது. மண்ணின் ஈரமும் வெப்பமும், தரை வீசும் கதிர், வானம் திருப்பி அனுப்பும் கதிர், வெவ்வேறு உயரங்களில் காற்றின் வெப்பம், தூசியின் அளவு, துளிகளின் பருமன் என்று எல்லாவற்றையும் கருவிகள் இரவு முழுதும் அளந்தன. நாம் மேலே கேட்ட கேள்விகளைத்தான் அவர்களும் கேட்டார்கள், ஆனால் நிமிடத்துக்கு நிமிடம் கேட்டார்கள். அந்த அளவீடுகளைக் கொண்டு கணினிக் கணிப்புகளைச் செப்பனிட்டார்கள்.

விமான ஓடுபாதையின் ஓரத்தில் 'திருஷ்டி' என்றொரு கருவி நிற்கும். பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வகம் உருவாக்கிய இந்தியக் கருவி அது. ஒரு கம்பத்திலிருந்து ஒளியை அனுப்பி, எதிர்க் கம்பத்தில் எவ்வளவு ஒளி வந்து சேர்கிறது என்று பார்க்கிறார்கள். வழியில் குறைந்துபோன ஒளியைக் கொண்டு, ஓடுபாதையில் எத்தனை மீட்டர் தெரியும் என்று கணக்கிடுகிறார்கள். உரிய கருவிகளும் பயிற்சி பெற்ற விமானியும் இருந்தால், 50 மீட்டர் மட்டுமே தெரிந்தாலும் அங்கே விமானம் இறங்க முடியும். எந்த விமானத்தை எப்போது கிளப்புவது, எதை வேறு ஊருக்குத் திருப்புவது என்று முடிவு செய்ய முந்தைய மாலைக் கணிப்பு மிகவும் தேவை.

ரயில்களுக்கும் அப்படித்தான். வட இந்தியாவில் பனிமூட்ட நாட்களில் சிக்னலுக்கு முன்னால் தண்டவாளத்தில் பட்டாசு போன்ற வெடிகளைப் பொருத்துவார்கள். சக்கரம் ஏறியதும் அது 'டமார்' என்று வெடிக்கும். "சிக்னல் வரப்போகிறது, கவனம்!" என்று ஓட்டுநர் புரிந்துகொள்வார். கண்ணுக்குத் தெரியாததைக் காதுக்குச் சொல்லும் ஏற்பாடு இது. இப்போது ஜிபிஎஸ் மூலம் அடுத்த சிக்னல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ஓட்டுநருக்குச் சொல்லும் கருவியும் வந்துவிட்டது.

கடலிலும் மலையிலும் கேள்வி மாறும்

இதுவரை பார்த்தது தரை குளிர்வதால் வரும் பனிமூட்டம். எல்லா இடத்திலும் இதே கதை அல்ல.

1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கியது. மறு ஆண்டு, பனிப்பாறைகளைக் கண்காணிக்க 'ஸ்கோஷியா' என்ற கப்பலை வட அட்லாண்டிக் கடலுக்கு அனுப்பினார்கள். அதில் வானிலையாளராகப் போனவர் ஜி. ஐ. டெய்லர் என்ற இளம் ஆங்கிலேய அறிவியலாளர். நியூஃபவுண்ட்லாந்து பகுதியில் பனிமூட்டம் மிக அதிகம். டெய்லர் கருவிகளைப் பட்டத்தில் கட்டிப் பறக்கவிட்டார்! வெவ்வேறு உயரங்களில் காற்றின் வெப்பத்தை அளந்தார். வெப்பமான நீரின்மேல் இருந்து வரும் ஈரக்காற்று, குளிர்ந்த நீரின்மேல் நகரும்போது அடியிலிருந்து குளிர்ந்து மூட்டமாகிறது என்பதை அந்த அளவுகள் காட்டின. ஆகவே கடலில் கேட்க வேண்டிய கேள்வி: காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, அடியில் உள்ள நீர் எவ்வளவு குளிர்ச்சி? அங்கே பட்டப்பகலிலும் பனிமூட்டம் வரும்.

இதே டெய்லர், 1917-இல் வெளியிட்ட கட்டுரையில் நிலத்துப் பனிமூட்டத்தையும் எடுத்துக்கொண்டார். லண்டனை அடுத்த கியூ வானிலை நிலையத்தின் பதிவுகளை ஆராய்ந்து, மாலை நேர வெப்பத்தையும் ஈரத்தையும் பார்த்து இரவில் பனிமூட்டம் வருமா என்று சொல்லும் வழியைக் காட்டினார். நாம் மேலே செய்த 'இடைவெளி'க் கணக்குக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது!

மலைக்கு இன்னொரு கணக்கு. நீலகிரியிலோ கொடைக்கானலிலோ நம்மைச் சூழும் மூட்டம் பெரும்பாலும் மேகமேதான். அடிவாரத்துக் காற்று சரிவில் ஏறும்போது விரிந்து குளிர்கிறது. எந்த உயரத்தில் மேகமாகும் என்பதற்கு எளிய சூத்திரம் உண்டு: அடிவாரத்தில் வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் உள்ள இடைவெளியை 125-ஆல் பெருக்குங்கள். கிடைப்பது மீட்டரில் உயரம்.

மேட்டுப்பாளையத்தில் வெப்பநிலை 28, பனிநிலை 18 என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 10. பெருக்கினால் 1,250 மீட்டர். மேட்டுப்பாளையம் ரயில் நிலையமே கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 325 மீட்டரில் இருக்கிறது. இரண்டையும் கூட்டினால் 1,575 மீட்டர். குன்னூர் நிலையம் ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் உள்ளது. அப்படியானால் அந்தக் காற்று மலையேறினால், நீலகிரி மலை ரயில் குன்னூரைத் தொடுவதற்கு முன்பே மேகத்துக்குள் நுழைந்துவிடும். மேட்டுப்பாளையத்து நடைமேடையில் வியர்வையைத் துடைத்துக்கொண்டே இதைச் சொல்லிவிடலாம்!

பிறகு ஏன் கணிப்பு தவறுகிறது?

இவ்வளவு தெரிந்தும் வானிலையாளர்கள் சில நாள் தவறுகிறார்களே, ஏன்? பனிமூட்டம் அரை டிகிரியில் முடிவாகும் ஆட்டம். பனிநிலை 19 என்றால், காற்று 19.5 டிகிரியில் நின்றுவிட்டால் காலை பளிச்சென்று விடியும். இன்னும் ஒரு டிகிரி குளிர்ந்திருந்தால் எதிர்வீடு தெரியாது. மழைக்கணிப்பில் அரை டிகிரிப் பிழை பெரிதில்லை. இங்கே அதுதான் வருமா, வராதா என்பதையே தீர்மானிக்கிறது.

நள்ளிரவில் ஒரு மெல்லிய மேகம் கடந்துபோனாலும் கணக்கு கலையும். ஒரு பள்ளத்தில் குளிர்ந்த காற்று வடிந்து தேங்கி மூட்டமாகும். பக்கத்து மேட்டில் ஒன்றும் இருக்காது. பல கிலோமீட்டர் பரப்பை ஒரே கட்டமாக எடுத்துக் கணக்குப் போடும் கணினிக்கு அந்தப் பள்ளம் தெரியாது. செயற்கைக்கோளோ, துளிகள் வெளியிடும் அகச்சிவப்புக் கதிரை இரண்டு வெவ்வேறு அலைநீளங்களில் ஒப்பிட்டு, இரவிலும் பனிமூட்டத்தைக் கண்டுபிடித்துவிடும். நம் இன்சாட்-3டி வரிசைச் செயற்கைக்கோள்களால் இது முடியும். ஆனால் அவை காட்டுவது ஏற்கெனவே உருவாகிவிட்ட மூட்டத்தை. உயர மேகங்கள் குறுக்கிட்டால் அதையும் காட்டா.

எப்போது விலகும் என்பதும் தனிக் கணிப்பு. மூட்டத்தைத் துளைத்து வரும் வெயில் தரையைச் சூடாக்க வேண்டும். தரை காற்றைச் சூடாக்க வேண்டும். வெப்பநிலை பனிநிலையைத் தாண்டியதும் துளிகள் ஆவியாகும். மூட்டம் மெல்லியது என்றால் எட்டு மணிக்குள் கலைந்துவிடும். தடித்தது என்றால் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். டெல்லியில் நண்பகல் வரை, சில நாள் அதற்கு மேலும் நீடிப்பது இதனால்தான்.

இனி நீங்கள் கணியுங்கள்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நம் ஊர்களில் இதற்கு நல்ல காலம். மண் ஈரமாக இருக்கும், வானம் தெளிந்திருக்கும். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று பெரியவர்கள் சொல்வதும் இந்தக் காலத்தைத்தான்.

ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். தினமும் மாலை ஆறு மணிக்கு இவற்றை எழுதுங்கள்:

1. வெப்பநிலை எவ்வளவு?
2. டம்ளர் சோதனையில் கிடைத்த பனிநிலை எவ்வளவு? இரண்டுக்கும் இடைவெளி என்ன?
3. வானத்தில் மேகம் உண்டா?
4. இலை அசைகிறதா, கிளை ஆடுகிறதா, எதுவுமே அசையவில்லையா?
5. தரை ஈரமா, உலர்ந்ததா? புகை உண்டா?
6. இன்று காலை பனிமூட்டம் இருந்ததா? வானிலை மாறாவிட்டால் இன்று வந்தது நாளையும் வரக்கூடும்.

கடைசி வரியில் உங்கள் கணிப்பை எழுதுங்கள்: 'வரும்' அல்லது 'வராது'. மாலையில் எழுதியதைக் காலையில் திருத்தக் கூடாது!

காலையில் பார்வையை அளக்க, உங்கள் மாடியிலிருந்து தெரியும் நான்கு அடையாளங்களை முன்பே குறித்துவைத்துக்கொள்ளுங்கள். எதிரே உள்ள மின்கம்பம், தெருமுனை அரசமரம், தண்ணீர்த் தொட்டி, கோவில் கோபுரம் என்று தூரம் தெரிந்த அடையாளங்களாக இருக்கட்டும். விடிந்ததும் எதுவரை தெரிகிறது என்று எழுதுங்கள்.

மாதக் கடைசியில் மதிப்பெண் போடும்போது ஒரு சூழ்ச்சியில் மாட்டிக்கொள்ளாதீர்கள். 30 நாளில் 3 நாள் மட்டும் பனிமூட்டம் வந்தது என்று வையுங்கள். ஒருவன் எதையும் அளக்காமல் தினமும் 'வராது' என்றே எழுதினால் 27 நாள் சரியாகிவிடும். நூற்றுக்குத் தொண்ணூறு! ஆனால் அந்தக் கணிப்பால் யாருக்கும் பயனில்லை. எச்சரிக்கை தேவைப்பட்ட மூன்று நாளிலும் அவன் கைவிட்டுவிட்டான். எனவே இரண்டு எண்களைத் தனித்தனியாக எண்ணுங்கள். பனிமூட்டம் வந்த நாட்களில் எத்தனையை முன்கூட்டியே சொன்னீர்கள்? 'வரும்' என்று சொன்னவற்றில் எத்தனை பொய்த்தன? வானிலை நிலையங்களும் தங்கள் கணிப்பை இப்படித்தான் சோதித்துக்கொள்கின்றன.

ஒரு மாதம் எழுதினால் உங்கள் ஊருக்கே உரிய எண் ஒன்று கிடைக்கும். "எங்கள் ஊரில் மாலை இடைவெளி இத்தனை டிகிரிக்குக் கீழே இருந்து, வானம் தெளிந்து, இலை மட்டும் அசைந்தால் மறுநாள் பனிமூட்டம்" என்று நீங்கள் சொல்லலாம். ஏரிக்கரை ஊருக்கு ஒரு எண், மேட்டு நில ஊருக்கு வேறு எண் வரும். உங்கள் வகுப்பில் நான்கைந்து பேர் சேர்ந்து வெவ்வேறு தெருக்களில் எழுதினால் இன்னும் நல்லது. அதிகாலையில் பால்வண்டி ஓட்டும் அண்ணனுக்கும், முதல் பேருந்தில் வேலைக்குப் போகும் அக்காவுக்கும் முந்தைய மாலையே சொல்லுங்கள்: "நாளைக்குக் கொஞ்சம் மெதுவாகப் போங்கள்." இன்று மாலையே டம்ளரையும் நோட்டையும் எடுத்துவிடுங்கள்!